வெள்ளைக்காரன் துப்பாக்கி

எங்கள் இரும்புலியூர் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்த மரியாதை, கூடத்துச் சுவரில் தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத்தான். கும்பினி காலத்தில் ரோடா துரை என்ற வெள்ளைக்காரர், கொள்ளுத்தாத்தாவின் குறியை மெச்சிக் கொடுத்தது என்பது தாத்தா சொல்லும் வரலாறு. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் துரையின் பெயரே இங்கிலீஷில் பொறித்திருந்தது. அதற்கு மேல் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதை வைத்துத் தாத்தா சுட்டதெல்லாம் ஏரிக்கு வரும் சிறகியும் நீர்க்கோழியும். இரண்டு வெடிக்கு நான்கு பறவை என்பார். பாட்டி கணக்கில் ஒன்று. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றது. (தாத்தாவின் குறியால் அதற்கு முன்பும் சிறகிகளுக்குப் பெரிய ஆபத்து இருந்ததில்லை.) 1985-ல் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்தபோது, டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பறவைகளையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அறுபதுகளில் ஏரிக்கரை நிலக்காரர் ஒருவர், துப்பாக்கியைக் கொடுத்தால் நான்கு கிரவுண்டு எழுதித் தருகிறேன் என்று வந்தாராம். "இங்கிலாந்து சாமான்யா இது! உன் களிமண்ணுக்கா?" என்று கேட்டு, காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார் தாத்தா.

அப்பா காலத்தில் துப்பாக்கி வெடித்ததே இல்லை. லைசென்ஸ் புதுப்பிப்பதும், தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதுமே வேலை. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, மாவட்டம்தான் நிலைகொள்ளவில்லை. செங்கல்பட்டாக இருந்தது 1997-ல் காஞ்சிபுரம் ஆனது, 2019-ல் மறுபடி செங்கல்பட்டு, 2022-லிருந்து தாம்பரம் காவல் ஆணையரகம். அப்பா போன பிறகு லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால், முறைப்படி எழுதிக் கொடுத்து, மௌண்ட் ரோடு பக்கம் ஓர் ஆயுதக் கடையில் ஒப்படைக்கக் கொண்டுபோனேன். அப்படியே விலையும் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

கடையிலிருந்த வயதான பாய், மேலே இருந்த பெயரைக் கண்டுகொள்ளவே இல்லை. முன்கட்டையைக் கழற்றினார், குழல்களைத் தனியே எடுத்துக் கவிழ்த்தார், எண்ணெய்த் துணியால் அடிப்பாகத்தை அழுத்தித் துடைத்தார். "ஜாதகம் கீழதான் தம்பி இருக்கும்" என்று பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

வைர வடிவக் கட்டத்துக்குள் 12, அதன் அடியில் ஆங்கில 'சி'. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 குண்டாக உருட்டினால் ஒரு குண்டு குழலுக்குச் சரியாக இருக்கும். 12 போர் என்பது அந்தக் கணக்கு. இங்கிலாந்தின் சோதனைச் சாலைகள் இந்த வைர முத்திரையை அடித்தது 1887 முதல் 1925 வரை. பக்கத்தில் 'நைட்ரோ புரூஃப்' என்ற எழுத்துகள், புகையில்லா மருந்துக்குச் சோதித்ததன் அடையாளம். அப்படி எழுத்தாகவே பொறிப்பது 1904-க்குப் பிறகு வந்த வழக்கம். கும்பினி ஆட்சியோ 1858-லேயே முடிந்துபோன கதை.

"அப்ப ரோடா துரை?"

"துரையா? அது கல்கத்தா கடைப் பேரு தம்பி!"

1914 ஆகஸ்ட் 26-ல் வங்கப் புரட்சிக்காரர்கள் 50 மவுசர் பிஸ்டல்களைக் கடத்திப்போனார்களே, அது இதே ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்துதான். ஆக, கொள்ளுத்தாத்தாவை யாரும் மெச்சவில்லை. காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

மிச்சமிருந்தது இங்கிலாந்து. பாய் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பொடி எழுத்தில் மூன்று சொற்கள்: 'நாட் இங்கிலீஷ் மேக்'.

"அவனே அடிச்சி வெச்சிருக்கான் பாருங்க. டெஸ்ட் பண்ணதுதான் பர்மிங்ஹாம். செஞ்சது பெல்ஜியத்துல." முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி., அடியில் நட்சத்திரம். லியேஜ் நகரத்து முத்திரை. மூன்று தலைமுறையாகச் சுவரில் தொங்கியது, வெள்ளைக்காரனே தன்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்த துப்பாக்கி.

விலைக்கு வந்தோம். குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழி. தோட்டா அறை இரண்டரை அங்குலம். இப்போது கடையில் கிடைக்கும் நீளத் தோட்டாவை அதில் போடக்கூடாது. பெல்ஜியத்துச் சரக்கிலும் உசத்தி உண்டு, இது அந்த ரகம் இல்லை என்றார். பிறகு பக்கத் தகட்டைத் தடவினார். ஏதோ ஒரு பறவை செதுக்கியிருந்த இடம். அலகு மட்டும் பாக்கி.

"யாரு இத இப்படித் தேச்சது?"

பாட்டிதான். வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு முதல் நாள், புளியும் செங்கல் பொடியும் போட்டு, குத்துவிளக்கோடு சேர்த்து.

"லைசென்ஸோட ஆள் வந்தா ஒரு பழைய ஸ்கூட்டர் வெலை வரும்" என்றார் பாய். அந்த நான்கு கிரவுண்டில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தப் பணத்துக்கு அங்கே கார் நிறுத்தும் கோடுகூட வராது.

லைசென்ஸோடு ஆள் இதுவரை வரவில்லை. மாதாமாதம் கடைக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று முறையான லைசென்ஸோடு இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்தால் போதும், தயவுசெய்து தேய்க்காதீர்கள்.