சுழி பார்ப்பவர்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனவர்கள் இப்படி ஒருவரைப் பார்த்திருப்பார்கள். காளையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். நெற்றிச் சுழி, முதுகுச் சுழி இரண்டையும் தடவிப் பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிடச் சொல்வார். பிறகு "ம்ம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிடுவார். சாயங்காலம் பஸ் ஏறும்போது அவர் கையில் ஒரு பொட்டலம் பொரிதான் இருக்கும். அவர் வந்தது மாடு வாங்க அல்ல, மாடு பார்க்க.

அதே ஆள் இப்போது சோழிங்கநல்லூரில், ஏழாவது மாடியில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துண்டுக்குப் பதில் கழுத்தில் ஐடி கார்டு. பதவி சீனியர் ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பர். பார்க்கும் வேலை, யூஐ லைப்ரரி தேர்ந்தெடுப்பது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெப்சைட்டில் நாம் அழுத்துகிற பட்டன், தேதி போடுகிற கட்டம், இழுத்தால் விழுகிற பட்டியல் எல்லாவற்றையும் யாரோ முன்பே செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்குதான் யூஐ லைப்ரரி. எடுத்து நம் பக்கத்தில் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆக்கி வைத்த சோறு. ஆனால் மெஸ் ஒன்றல்ல, தெரு முழுக்க மெஸ்.

எங்களுக்கு வந்த வேலை சின்னது. எங்கள் ஆபீஸுக்கே ஒரு லீவு விண்ணப்பப் பக்கம்: இரண்டு தேதி, ஒரு காரணம், ஒரு பட்டன்.

"மொதல்ல ஒரு கம்பேரிசன் போட்டுடலாம் ப்ரோ" என்றார். போட்டார். எக்ஸல் ஷீட்டில் இடப்பக்கம் லைப்ரரிகளின் பெயர், மேலே முப்பத்திநான்கு தகுதிகள். கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எத்தனை ஸ்டார், அது பல். கடைசியாக எப்போது கோட் மாற்றினார்கள், அது நடை. தீர்க்காத புகார் எத்தனை, அது சுழி. ஸ்டார் குவிந்திருந்தாலும் புகாரும் குவிந்திருந்தால் "சுழி சரியில்ல" என்கிற முகத்தோடு அடுத்ததற்குப் போய்விடுவார்.

பூட்ஸ்ட்ராப்பை ஒரே சொல்லில் முடித்தார்: "பழசு." ட்விட்டரில் வேலை செய்துகொண்டிருந்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் செய்து, 2011 ஆகஸ்டில் ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது அது. அதற்குப் பிறகு சில வருடம் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அதே நீலப் பட்டன்தான். இவருடைய காலேஜ் ப்ராஜெக்டும் அதில்தான். அதை நாலு பேர் நடுவில் ஞாபகப்படுத்தினால், சொந்தக்காரர் வந்து வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நெளிவார்.

எம்.யூ.ஐ. வரிசைக்கு வந்தபோது மேனேஜர் எட்டிப் பார்த்து, "இது கூகுளோடதா?" என்றார். "அந்த மாதிரிதான் சார்." அந்த மாதிரி இல்லை. 2014இல் கூகுள் வெளியிட்டது மெட்டீரியல் டிசைன் என்கிற இலக்கணத்தை. அதைப் பார்த்து வெளியாட்கள் ரியாக்ட் என்கிற புரோகிராமிங் கருவிக்காகக் கட்டியதுதான் மெட்டீரியல் யூஐ. 2021இல் பெயரை எம்.யூ.ஐ. என்று சுருக்கிக்கொண்டார்கள். முகச்சாயல் கூகுள் வீட்டுடையது, ரேஷன் கார்டில் பெயர் கிடையாது. இது இவருக்கு நன்றாகவே தெரியும். மேனேஜர் முகம் மலர்ந்திருக்கும்போது எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் லேசாக உரசல். லீவு பக்கம் டிரைவர்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கும் சேர்த்துத்தான், தமிழிலும் வேண்டும் என்று எச்.ஆர். சொல்லியிருந்தார்கள். எம்.யூ.ஐ. பட்டன், நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, ஆங்கிலத்தைத் தானாகவே கேப்பிடல் எழுத்தாக்கிவிடும். தமிழில் கேப்பிடலுக்கு எங்கே போவது? ஆங்கிலத்தில் ஆறெழுத்து 'சப்மிட்'டுக்குத் தைத்த சட்டை அது. 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் இரண்டு பக்கமும் தையல் விட்டுவிடுகிறது. வரி உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் 'வி'யின் மேல்சுழி வெட்டுப்பட்டு 'வ' என்று நிற்கிறது. "ஷீட்ல தமிழ் நிக்குமான்னு ஒரு காலம் போடுங்க" என்றேன். "எட்ஜ் கேஸ் ப்ரோ" என்றார், எப்போதாவது வருவது என்ற அர்த்தத்தில். நெற்றிச் சுழி முதல் வால் முடி வரை பார்க்கிறவர், நம் எழுத்தின் சுழியைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆன்ட் டிசைன் மீது பொறாமை உண்டு. சீனாவின் ஆன்ட் குழுமத்தார் செய்தது. பட்டனில் இரண்டே இரண்டு சீன எழுத்து இருந்தால், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நடுவே தானாகவே ஓர் இடைவெளி விட்டுவிடும். தங்கள் எழுத்து தங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று எவரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எங்கள் ஆள் அதை நிராகரித்த காரணம் வேறு. 2018 டிசம்பர் 25 அன்று அதைப் பயன்படுத்திய வெப்சைட்டுகளின் பட்டன்கள்மீது திடீரென்று பனி படிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்தாக யாரையும் கேட்காமல் உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். பட்டன்மேல் மவுஸை வைத்தால் 'ஹோ ஹோ ஹோ' என்று வேறு வந்தது. அந்த ஒன்றுக்காக இத்தனை வருடம் கழித்தும் அவர் ஷீட்டில் 'நம்பகம்' என்ற கட்டத்தில் சிவப்பு.

சக்ரா யூஐ பெயரைக் கேட்டதும் "நம்ம பேரு ப்ரோ" என்று அரை மதிப்பெண் கூட்டிப் போட்டார். செய்தவர் நைஜீரியாக்காரர், செகுன் அடெபாயோ. அதன் மூன்றாம் பதிப்பு 2024இல் நிறையவே மாறிப்போய் வந்ததால் பார்த்த சுழியை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அதற்குள் ஷாட்சிஎன் பெயர் எல்லார் வாயிலும் அடிபட ஆரம்பித்துவிட்டது. 2023இல் வந்த அது, தான் லைப்ரரியே இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்வது. சமைத்ததைக் கொடுத்துவிட்டுப் போகாது. கோட் வரிகளையே நம் ப்ராஜெக்டுக்குள் இறக்கிவிடும், அதற்குப் பிறகு உப்பு கூடினாலும் குறைந்தாலும் நம் பாடு. லைப்ரரி இல்லை என்று சொன்னதற்கும் லைப்ரரி ஷீட்டில் ஒரு வரிசை ஒதுக்கினார்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். விஷயம் தெரியாதவர் அல்ல. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு, டெமோவுக்கு முந்தைய நேரத்தில், என் டிராப்டவுன் இன்னொரு பெட்டிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. ஸ்கிரீனைப் பார்த்தார், ஒரு வரி மாற்றச் சொன்னார், மேலே வந்துவிட்டது. அடுத்தவர் மாட்டை அவிழ்த்துக் கொடுக்கக் கை உண்டு. தன் கையில் கயிறு பிடிக்க மட்டும் மனசு வராது.

அவர் சோதித்ததெல்லாம் பட்டனை வைத்துத்தான். பட்டனைப் பார்த்து லைப்ரரி எடுப்பது, கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து மாடு பிடிப்பது. பட்டன் எல்லோருக்கும் வரும். தேதிக் கட்டத்தில்தான் சாயம் வெளுக்கும். மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே தேதியை எடுக்க முடிகிறதா, கண் தெரியாதவருக்கு ஸ்கிரீன் ரீடர் கிழமையைச் சரியாகப் படிக்கிறதா, 3/4 என்றால் அது மார்ச்சா ஏப்ரலா, இவ்வளவும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறது. லீவுக்கு வேண்டியது 'முதல் – வரை' என்று இரண்டு தேதி. ஒரே கட்டத்தில் அப்படி எடுக்கிற வசதி எம்.யூ.ஐ.யில் காசு கட்டும் பிரிவில் இருக்கிறது. இருபத்தொன்பதாவது தகுதிக்கு வந்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது.

பிரவுசரே ஒரு தேதிக் கட்டம் தருகிறது, மேக்கில் ஓடும் சஃபாரியும் 2021இல் அதற்கு வந்துவிட்டது, லைப்ரரியே இல்லாமல் இரண்டு கட்டம் போட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"நல்ல ஆப்ஷன் ப்ரோ."

ஷீட்டில் கடைசியாக ஒரு வரிசை சேர்ந்தது. பெயர், 'லைப்ரரி இல்லாமல்'. மதிப்பெண் இன்னும் போடவில்லை.

போன வாரம் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் லீவு எடுத்தார். எச்.ஆருக்கு மெயில் அனுப்பித்தான்.