ஏசிக்குள் இன்னொரு குடித்தனம்

வாடகை வீட்டு ஏசியில் கறுப்பாகப் பூஞ்சை. சுத்தம் செய்ய வேண்டியது நானா, ஹவுஸ் ஓனரா? (வேளச்சேரி வாசகர்)

ஃபில்டரில் இருந்தால் நீங்கள். சுவரிலிருந்து வந்தால் அவர்.

தமிழக வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றியது, 2019-ல் அமலுக்கு வந்தது) பாகப்பிரிவினையே செய்துவைத்திருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை ஓனர் தலையில். மின்சாதனப் பழுது, சாக்கடை அடைப்பு, குழாய் வாஷர் உங்கள் தலையில். ஏசியை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஏசி யார் பொறுப்பு என்ற ஒரு வரியை அக்ரிமென்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு மாதச் சண்டை மிச்சம்.

அத்தனை குளிரில் பூஞ்சை எப்படி வளர்கிறது? (தாம்பரம் வாசகி)

காயிலில் தண்ணீர், ஃபில்டரில் தூசி, உள்ளே இருட்டு. சாப்பாட்டோடு ரூம் கிடைத்தால் யார்தான் காலி செய்வார்கள்?

16-ல் வைத்தால் செத்துவிடாதா?

சாகாது. மின் கட்டணம்தான் ஏறும். 24 போதும். நிறுத்தும் முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓட விடுங்கள், காயில் காயும்.

"நீ ஃபில்டர் கழுவவில்லை" என்கிறார் ஓனர். "உங்கள் சுவரே ஓதம்" என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள். (மடிப்பாக்கம்)

சுவரையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். ஏசியை இரண்டு நாள் நிறுத்துங்கள். சுவர்க் கறை காய ஆரம்பித்தால் ட்ரெய்ன் பைப் அடைத்திருக்கலாம். சர்வீஸ்காரரைக் கூப்பிடுவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு.

ஏசி ஓடாமலே, மழை பெய்த மறுநாள் கறை பெருகினால் கோளாறு கட்டடத்தில். காப்பர் பைப் வெளியே போகும் ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். பூசாமல் விட்ட அந்த ஓட்டை வழியாகத்தான் பாதி சென்னையில் ஐப்பசி மழை படுக்கையறைக்குள் வருகிறது. அதை அடைப்பது ஓனர் வேலை.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வாடகையை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தினால் குற்றவாளி நீங்கள்! எழுத்தில் கேளுங்கள். அப்போதும் செய்யாவிட்டால் அவர் பங்குப் பழுதை நீங்களே பார்த்து, வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பில் பத்திரம்.

பூஞ்சை பிடித்த ஏசியை விட்டுவிட்டுக் காலி செய்துவிட்டார்கள். அட்வான்ஸில் பிடிக்கலாமா? (வீட்டு உரிமையாளர், அண்ணா நகர்)

சாவி கொடுத்த அன்று ஏசியைத் திறந்து எடுத்த போட்டோ இருக்கிறதா? இருந்தால் நியாயமான சுத்தச் செலவைப் பிடியுங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். பழசாவதற்குப் பெயர் சேதமல்ல.

பிளீச்சிங் தெளித்தால்?

பூஞ்சையோடு அலுமினியத் தகடும் அரித்துப் போகும். பிறகு காயில் செலவு யாருடையது என்று எனக்கு எழுதாதீர்கள்.

சிங்கப்பூரில் யார் பொறுப்பு? (உட்லண்ட்ஸ்)

அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் வாடகைக்காரர் செலவு என்பது ஒப்பந்தங்களில் வழக்கமான ஷரத்து. ரசீதுதான் உங்கள் கவசம்.

ஏசியைக் கண்டுபிடித்தவர் இதையெல்லாம் யோசித்தாரா?

ஈரத்தைத்தான் முதலில் யோசித்தார்! 1902-ல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணம் விலகியது. அதைத் தீர்க்கவே வில்லிஸ் கேரியர் வடிவமைத்தார். மனிதனுக்குக் குளிர்ந்தது உபரி லாபம்.

குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. "அக்ரிமென்ட் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் ஓனர். (பெருங்குடி தாய்)

அம்மா, இன்று இரவே அந்த அறையிலிருந்து குழந்தையை மாற்றுங்கள். ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவோடு சேர்ந்தே வருவதை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எழுதிவைத்திருக்கிறது. நாளை காலை டாக்டர். அவர் எழுதித் தருவதையும் சுவரின் போட்டோவையும் இணைத்து ஓனருக்கு ஸ்பீட் போஸ்ட். மசியவில்லையா? வாடகை அதிகாரி இருக்கிறார், துணை ஆட்சியர் அந்தஸ்து. மனு எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.