கசந்தாலும் விடாத நாரத்தை

நாரத்தைப் பழத்தை ஆரஞ்சு போல உரித்துத் தின்னலாமா?

தின்னலாம், விஷம் ஏதுமில்லை. இரண்டாவது சுளைக்குத்தான் கை நீளாது. சாறு கடும் புளிப்பு. தோலுக்கும் சுளைக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பஞ்சு கசப்பு. மஞ்சளாகப் பழுத்த பிறகும் இதற்கு 'நார்த்தங்காய்' என்றே பெயர் நிற்பது பொருத்தம். இதன் இடம் பழத்தட்டு அல்ல, ஊறுகாய் ஜாடி.

பிழிந்தவுடன் புளித்த சாறு, வைத்திருந்தால் கசக்கிறதே?

முழுப் பழத்துக்குள் கசப்பில்லாத வடிவில் இருக்கும் ஒரு பொருள், பிழியும்போது சாற்றின் அமிலத்தோடு கலந்து மெல்ல லிமோனினாக மாறுகிறது. கசப்பு அதனுடையது. சூடு பட்டால் மாற்றம் இன்னும் விரைவு. நார்த்தங்காய் சாதத்துக்குத் தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு சாறு ஊற்றுவது அதனால்தான். கொட்டையிலும் லிமோனின் உண்டு. அது நசுங்காமல் இலேசாகப் பிழிய வேண்டும்.

உப்பு நார்த்தங்காயைச் சுருளாக நறுக்குவது அழகுக்கா?

அழகும் உண்டு, வேலை அதைவிடப் பெரிது. துண்டு அறுந்து விழாமல் சுற்றிச் சுற்றி நறுக்கினால், ஒரே காயின் உட்புறம் முழுதும் கல் உப்பை அடைக்க முடிகிறது. அடைத்த காயைப் பீங்கான் ஜாடியில் போட்டு, மூன்று நான்கு நாள் தினமும் குலுக்கிவிட வேண்டும். உப்பு காயின் நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். பிறகு பகலில் காய் வெயிலுக்கு, இரவில் மீண்டும் அதே உப்புநீருக்கு. ஜாடியில் நீர் வற்றும்வரை இந்தப் போக்குவரத்து தொடர வேண்டும். இதில் அவசரப்பட்டால் பூஞ்சைதான் மிஞ்சும்.

கசப்பு முற்றிலும் போய்விடுவதில்லை. நாக்கு கசப்பை உணர்வதை உப்பு தணிக்கிறது. மிஞ்சும் அந்த இலேசான கசப்புதான் தயிர்சாதத்துக்கும் பழைய சோற்றுக்கும் வேண்டியது. அதையும் நீக்கிவிட நினைப்பவர் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உலோகப் பாத்திரம் மட்டும் கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்து அதை அரிக்கும்.

வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை எங்கே?

எங்கும் இல்லை. நாரத்தை இலை, எலுமிச்சை இலை, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு: இவற்றைத் தண்ணீர் விடாமல் இடித்து உருட்டுவதே வேப்பிலைக்கட்டி. இலையின் நடுநரம்பைக் கிள்ளி எறியாவிட்டால் நார் வாயில் தட்டும். கொழுந்துக்கும் முற்றலுக்கும் இடைப்பட்ட இலையே வாகானது.

இலை பறிக்கப் போனால் முள் குத்துகிறது. முள்ளில்லாத மரம் உண்டா?

இலைக் கணுவில்தான் முள் இருக்கும். எனவே காம்பைப் பிடித்து இழுக்காமல் கத்தரியால் நறுக்குவது பாதுகாப்பு. கொட்டை போட்டு முளைத்த கன்றுக்கு முள் மிகுதி. காய்த்த கிளையிலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றில் அது குறைவு.

ஆரஞ்சு என்ற சொல்லுக்கும் நாரத்தைக்கும் உறவா?

நெருங்கிய உறவு. சமஸ்கிருத 'நாரங்க' பாரசீகத்தில் 'நாரங்' ஆகி, அரபியில் 'நாரஞ்ச்', ஸ்பானியத்தில் 'நரஞ்சா' என்று நடந்து, வழியில் முதலில் நின்ற 'ந' ஒலியைத் தொலைத்து ஆங்கிலத்தில் 'ஆரஞ்சு' ஆயிற்று. 'நாரங்க' என்பதற்கே திராவிட மூலம் உண்டென்பது மொழியியலாளர் பலர் கருத்து. ஐரோப்பாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்ததும் கசப்பு ஆரஞ்சுதான். இனிப்பு ஆரஞ்சு பின்னால் வந்தது.

காய்ச்சல்காரருக்கு நார்த்தங்காய் கொடுக்கலாமா?

கஞ்சிக்கு ஒரு சிறு துண்டு போதும். செத்துப்போன நாக்குக்குச் சுவை திரும்பும். காய்ந்த துண்டில் வைட்டமின் சி பெரிதாக மிஞ்சாது. அதற்குப் பச்சைச் சாறுதான். இரத்த அழுத்தம் உள்ளவர் துண்டை நீரில் ஊறவைத்து உப்பைக் கழித்தாலும் அளவோடுதான் உண்ண வேண்டும்.