நாலாம் பிறை நிரபராதி: மொட்டை மாடி வானியலில் ஓர் ஆய்வு

நாலாம் பிறையைப் பார்த்தவர் நாய் படாத பாடு படுவார் என்பது நம் வீடுகளில் விசாரணையே இல்லாமல் வழங்கப்பட்டுவரும் தீர்ப்பு. மூன்றாம் பிறைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடு. மறுநாள் அதே நிலாவுக்குக் குற்றப்பத்திரிகை. ஒரே நாளில் ஒரு துணைக்கோள் இவ்வளவு கெட்டுப்போக முடியுமா என்பதே இவ்வாய்வின் வினா. ஆய்வுக் கருவிகள் மூன்று: மொட்டை மாடி, மேற்குத் திசை, தினசரிக் காலண்டர்.

முதலில் சான்றுகள். நிலா நாளொன்றுக்குச் சூரியனை விட்டுச் சுமார் 12 பாகை விலகுகிறது. அந்த 12 பாகைக்குத்தான் திதி என்று பெயர். திருதியையில் நிலா முகத்தில் ஒளிர்வது ஏறக்குறைய 4 முதல் 10 சதவீதம். சதுர்த்தியில் 10 முதல் 17 சதவீதம். முன்னது பொழுது சாய்ந்து சுமார் 2 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதில் முதல் அரைமணியை அந்தி வெளிச்சம் விழுங்கும். கடைசி அரைமணியை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும். நடுவிலுள்ள ஒரு மணி நேரம் ஊரில் பாதிப்பேர் பேருந்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். நாலாம் பிறையோ தடித்து, உயர்ந்து, இன்னும் முக்கால் மணி நேரம் கூடுதலாக நின்று, காயப்போட்ட துணியை எடுக்க மாடியேறுபவர் கண்ணில் தானாகவே வந்து விழுகிறது. ஆக, மூன்றாம் பிறையைப் பார்த்தவர் சிலர். நாலாம் பிறையைப் பார்த்தவர் ஏறக்குறைய ஊரார் அனைவரும். மாதம் ஒருமுறையாவது ஊரார் அனைவரும் ஏதோ ஒரு பாடு படுவதும் நிச்சயம். எனவே இந்தப் பழமொழி பொய்ப்பதற்கு வழியே இல்லை. அதன் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பிள்ளையார் சந்திரனைச் சபித்ததையும், அன்று நிலாவைப் பார்த்த கண்ணன்மேல் சியமந்தக மணியைத் திருடிய பழி விழுந்ததையும் எடுத்துக்காட்டிச் சிலர் மறுக்கலாம். அந்த வழக்கு விநாயகர் சதுர்த்தி என்ற ஒரே நாளைச் சேர்ந்தது. ஆண்டின் மற்ற நாலாம் பிறைகளையும் அதில் சேர்ப்பது, அண்ணன் செய்ததற்குத் தம்பிகள் அத்தனை பேரையும் பிடித்துப்போவதற்குச் சமம். போதாக்குறைக்கு, கண்ணன் மணியை மீட்டுப் பழி நீங்கியதுடன் ஜாம்பவதி, சத்தியபாமா இருவரையும் மணந்ததாகவே கதை போகிறது. இதை நாய் படாத பாடு என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

முடிவான சான்று பழமொழிக்குள்ளேயே படுத்திருக்கிறது: நாய். கூரையின்றித் தெருவில் கிடக்கும் அந்த ஜீவனுக்கு எந்தப் பிறையும் தப்புவதில்லை. மாதந்தோறும் நாலாம் பிறை அதன் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஆனாலும், பார்த்த மனிதர் படுவது அந்த நாய்கூடப் படாத பாடு என்று பழமொழியே ஒப்புக்கொள்கிறது. ஒரே பிறையை இருவரும் பார்த்திருக்க, ஒருவர் மட்டும் அல்லற்பட்டால் காரணம் பிறையாக இருக்க முடியாது. நாய்க்கு இல்லாமல் மனிதருக்கு மட்டும் உள்ள வீட்டு வாடகை, மாதத் தவணை ஆகியவற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஆகவே நாலாம் பிறை குற்றமற்றதென விடுவிக்கப்படுகிறது. அடுத்த அமாவாசை கழிந்த நாலாம் நாள், விளக்கு வைத்ததும் அச்சமின்றி மாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். ஒளிக்கீற்றின் மடியில் நிலாவின் மீதி முகமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது நம் பூமியில் பட்டுத் தெறித்த வெயில்.