பேசாத படமும் வாய் மூடாத சனமும்

எங்கள் ஊருக்கு மனுஷனைப் போல இனிஷியல் உண்டு. தமிழ்நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு புதுப்பட்டியில்தான் போய் விழும். அந்தக் குழப்பம் வேண்டாமென்று பக்கத்து வத்திராயிருப்பிடம் ஒரு 'வ'வைக் கைமாற்றாக வாங்கி வ. புதுப்பட்டி ஆனோம். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த ஊரின் திண்ணை ஒன்றில், போன வாரம் ராத்திரி, எண்பது தாண்டிய என் அப்பத்தா சார்லி சாப்ளினைப் பார்த்தாள். என் மகனின் செல்போனில் 1925-இல் வந்த 'த கோல்ட் ரஷ்'. பனிமலைக் குடிசையில் பசி தாங்காமல் சாப்ளின் தன் பூட்ஸையே வேகவைத்துத் தட்டில் வைக்கிறார். கூட இருக்கும் தடியன் தட்டை மாற்றி மேல்தோலை எடுத்துக்கொள்ள, சாப்ளினுக்கு ஆணி அடித்த அடிப்பாகம். அவர் அசரவில்லை. நாடாவை இடியாப்பம் போல் சுற்றி வாயில் போடுகிறார். ஆணியை நல்லியெலும்பு மாதிரி உறிஞ்சுகிறார்.

"தட்டை மாத்திட்டாம் பாரு, களவாணிப்பய!" என்றாள் அப்பத்தா. "ஏலே, ஆணியத் துப்புடா, தொண்டையில சிக்கிரும்!"

மகன், "அப்பத்தா, கொஞ்சம் பேசாம இரேன்" என்றான். விவரம் தெரியாத பயல். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே வேலைக்குக் கொட்டகைக்காரர்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள்.

சங்கதி 1905-இல் தொடங்குகிறது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராய்ப் படம் காட்டிக்கொண்டு வந்து உடம்புக்கு முடியாமல் போன துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் சுமார் 2,000 ரூபாய்க்கு வாங்கினார். ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரம் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதக்கூடியதாக இருந்திருக்காது. ஏசுநாதர் படம் காட்டியே பெஷாவர் வரை போய்விட்டு வந்து, கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டினார்.

அடுத்தவர் சென்னையில் மோட்டார் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த ஆர். நடராஜ முதலியார். வெள்ளைக்காரர் ஒருவரிடம் கேமராவைச் சுற்றக் கற்றுக்கொண்டு, வெள்ளைத் துணியைக் கூரையாகக் கட்டி வெயிலை வடிகட்டி, 1917 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். சுமார் 35,000 ரூபாய் செலவு. பீமன் கீசகனைப் பிசைந்தெடுப்பதைச் சென்னையில் எடுத்து, பிலிமைப் பெங்களூரில் கழுவினார்கள். படத்தின் இந்தி எழுத்து அட்டைகளை எழுதியவர் தேவதாஸ் காந்தி. அப்பாவுக்கோ சினிமா என்றாலே ஆகாது. மகாத்மா வீட்டிலும் பிள்ளை சொன்னபடி கேட்பதில்லை என்பதில் எனக்கொரு ஆறுதல்.

கேமராவைக் கையால்தான் சுற்றுவார்கள், நொடிக்குப் பதினாறு படம் என்ற உத்தேசக் கணக்கில். பின்னாளில் அதையே இருபத்துநாலு ஓடும் மெஷினில் போட்டதால்தான் அந்தக் காலத்து ஆட்கள் அத்தனை பேரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரித் தெரிகிறார்கள்.

சம்பள ஆள் கதைக்கு வருகிறேன். எழுத்து அட்டை திரையில் வந்தால் படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் நாலு பேர். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வாசித்துக் கதை சொல்வார். கீழே ஆர்மோனியமும் தபேலாவும் தனிக் கச்சேரி. அட்டையில் ஒரு வரி இருந்தால் நம் ஆள் பத்து வரி சொல்லியிருப்பார். தமிழனிடம் மைக் இல்லாவிட்டாலும் அப்படித்தான். அமெரிக்கச் சண்டைப்பட நாயகர் எட்டி போலோ குதிரையிலிருந்து தாவும்போது, "அடேய் சண்டாளா, நில்!" என்று அவர் கத்தியிருப்பார், எட்டி போலோ தன் ஜென்மத்தில் சண்டாளா என்று சொன்னவரில்லை. புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டும்வரை ஒரு நடனம், இல்லையென்றால் ஒரு குத்துச்சண்டை.

இவ்வளவு கூச்சலுக்கு நடுவில் ஓடியதைப் போய் 'ஊமைப்படம்' என்கிறோம். அது பேசும் படம் வந்தபிறகு கிடைத்த வசைப்பெயர். ஓடிய காலத்தில் அது பயாஸ்கோப்பு, சலனப்படம். கொட்டகையிலேயே வாய் மூடியிருந்தது திரை ஒன்றுதான்.

பேச்சு வந்த லட்சணத்தையும் சொல்லவேண்டும். 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படப்பெட்டிக்குத் தேங்காய் உடைத்து, பூப்போட்டு, ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். உள்ளே பார்த்தால் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்கிறார். சென்னை திகைத்திருக்கலாம். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற ராஜபாளையத்துக்கு அது சாதாரணக் குடும்பப் படம்.

அதே 1931-இல், உலகமே பேசத் தொடங்கிய பிறகு, சாப்ளின் பிடிவாதமாக 'சிட்டி லைட்ஸ்' என்று பேசாத படம் எடுத்து ஜெயித்தார். நம் பக்கத்துப் பேசாத படங்களுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பெட்டிக்கு அண்ணன். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை விளக்கவேண்டியதில்லை. எரிந்தது பாதி, வெள்ளிக்காக உருக்கியது மீதி. 'கீசக வத'த்தில் ஒரு அடி பிலிம்கூட இன்று இல்லை.

பிழைத்ததற்கு ஒரு உதாரணம் நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா'. 1933-இல் திருவனந்தபுரத்தில் வெளியானதுமே, மூல நாவலின் உரிமை எங்களுடையது என்று புத்தகப் பதிப்பாளர் வழக்குப் போட்டார். படம் நின்றது. பெட்டி பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்து, நாற்பதாண்டுகள் தூங்கி, 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஓடிய படங்களெல்லாம் தேய்ந்து அழிய, ஓடவிடாமல் தடுத்த படம் தப்பித்தது. கோர்ட்டுக்குப் போனால் எதுவும் சீக்கிரம் முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் கமலை வைத்து வசனமே இல்லாத படம் எடுத்தார். தமிழில் அதற்கு வைத்த பெயர் 'பேசும் படம்'. அதில் சொகுசு ஓட்டல் அறையில் கமலுக்குத் தூக்கம் வராது. தன் பழைய அறைக்குப் பக்கத்துச் சினிமாக் கொட்டகையின் சண்டைச் சத்தத்தை டேப்பில் பிடித்து வந்து போட்டால்தான் கண் சொக்கும். எங்கள் பக்கத்து ஆட்களை நேரில் பார்த்து எழுதியது போலிருக்கும்.

திண்ணையில் படம் முடிந்தது. அந்த பூட்ஸ் நிஜத் தோல் இல்லை, அதிமதுர மிட்டாயில் செய்தது என்று அப்பத்தாவிடம் சொன்னேன். தொண்டை கட்டினால் வீட்டில் அதிமதுரம் தட்டிக் கொடுக்கிறவள் அவள்தான். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஒரு சோடு முழுக்க அதிமதுரம் தின்னுருக்கான். அப்பவும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசலியே!"

படம் ஒன்றரை மணி நேரம்தான். வீட்டில் அப்பத்தா இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். பேசாமல் இரு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.