மிஸ்டு கால் மரபு: அகமும் புறமும்

ஆய்வு நோக்கம்

தொல்காப்பியர் இலக்கணத்தை எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக வகுத்தார். எழுத்தும் சொல்லும் இல்லாமல் பொருள் மட்டும் உள்ள ஒரு மொழி பிற்காலத்தில் தோன்றும் என்று அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. மிஸ்டு கால் அப்படியொரு மொழி. ஒருமுறை மணி அடிக்கும், நின்றுவிடும், செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இவ்வளவு எளிய ஒன்று ஒரு நாட்டையே கட்டிப்போட்டது எப்படி என்று காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி ஜோனதன் டோனர். ருவாண்டாவின் கைபேசிப் பழக்கங்களை ஆராய்ந்து 2007இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மிஸ்டு காலை மூன்றாகப் பகுக்கிறது: திரும்பக் கூப்பிடு என்பது, முன்பே பேசி வைத்த குறிப்பைத் தெரிவிப்பது, சும்மா நினைத்துக்கொண்டேன் என்பது. பகுப்பு செம்மையானதே. தொல்காப்பியம் கைவசம் இருந்திருந்தால் ஏழு திணை கண்டிருப்பார் என்பது நம் துணிபு.

தோற்றம்

இந்தியாவின் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசுவுக்கும் மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நடந்தது. அமைச்சர் எடுத்துப் பேசிவிட்டதால் அது நம் ஆய்வு எல்லைக்குள் வராது. அந்நாளில் வரும் அழைப்புக்கும் காசு. 2003இல் அது இலவசமாயிற்று. கூப்பிடுபவருக்கு மட்டுமே செலவு. அதுவும் எதிர்முனையில் எடுத்தால்தான். மணி அடிப்பதற்குக் கட்டணமில்லை. கூப்பிட்டது யார் என்பதைத் திரையே குறித்துக்கொள்ளும். எந்தப் பொறியாளரும் திட்டமிடாத ஒரு சேவை இந்த இடுக்கில் முளைத்தது. இதில் எடுக்காமல் இருப்பதே பண்பாடு. எடுத்தால், "ஏண்டா எடுத்தே? ஒரு ரூபா போச்சு!" என்ற வசை உறுதி.

அகத்திணை

ஒரு ரிங் என்றால் 'நினைத்துக்கொண்டேன்'. இரண்டு ரிங் என்றால் 'வீட்டில் ஆளில்லை, கூப்பிடு'. தோழியின் வேலையை இங்கே தொலைபேசிக் கோபுரம் செய்கிறது. அறிமுகமில்லாத எண்ணுக்கு ஓயாமல் ரிங் விட்டுக்கொண்டிருப்பவன் கைக்கிளைக்கு உரியவன். இருவரும் மாறிமாறி மிஸ்டு கால் கொடுத்து, இருவருமே காசு செலவழிக்க மறுப்பது பெருந்திணை. பெற்றோர், பிள்ளைகளிடையே இதற்கு மேல்கீழ் வரிசையும் உண்டு. மகன்தான் அப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பான். அப்பா மகனுக்குக் கொடுக்கத் தொடங்கினால், பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உறவினர் அறிவர்.

புறத்திணை

2010இல் பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் நிறுவனம் மிஸ்டு காலையே விளம்பரத் தொழிலாக்கியது; 2015இல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கியது. 2011இல் அண்ணா ஹசாரே இயக்கம் ஆதரவாளர்களிடம் கேட்டது ஒரு மிஸ்டு கால். 2014இல் பாரதிய ஜனதா கட்சி உறுப்பினர் சேர்க்கையையும் அதன்வழி நடத்தியது. பீகாரில் ஹிந்துஸ்தான் யூனிலீவர், ரிங் விட்டவரைத் திரும்ப அழைத்துப் பாட்டும் நகைச்சுவையும் கேட்கவைத்து, நடுவே சோப்பு விளம்பரமும் சேர்த்தது. வங்கி இருப்பு முதல் சிலிண்டர் பதிவு வரை இன்றும் இவ்வழி திறந்தே இருக்கிறது.

வேந்தர் போர்

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியது. மக்கள் இம்மரபைக் கைவிட்டனர். கைவிட்டதை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டதாக 2019இல் புகார் எழுந்தது. ஒரு நிறுவன வாடிக்கையாளர் இன்னொரு நிறுவன எண்ணைக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் நிறுவனம் மற்றதற்கு நிமிடத்துக்கு 6 பைசா அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்தால் எதிர்முனையில் இருப்பவர் எடுப்பதற்குள் நின்றுவிடும். அவர் திரும்ப அழைப்பார். 6 பைசா திசை மாறும். ஜியோ இதைத்தான் செய்கிறது என்றது ஏர்டெல், ஜியோ மறுத்தது, பின்பு ஏர்டெலும் நேரத்தைக் குறைத்தது. கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் குறுக்கிட்டு, கைபேசியில் 30 விநாடி, தரைவழியில் 60 விநாடி மணி அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கோடிகளில் புரள்வோரும் காசு மிச்சம் பிடிக்கக் கல்லூரி மாணவனின் உத்தியைத் தாண்டி யோசிக்கவில்லை என்பது இப்போரின் வழி பெறப்படும்.

முடிவுகள்

1. மிஸ்டு காலுக்குக் கடவுச்சொல் இல்லை, ஓடிபி இல்லை, 'அப்டேட் செய்க' இல்லை, நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற கட்டமும் இல்லை.

2. கருவிக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு ரிங்குக்கு என்ன பொருள் என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பொருளை அவர்களே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டதால்தான் கருவி இவ்வளவு எளிதாக இருக்க முடிந்தது. இன்றைய செயலிகள் பொருளையும் தாமே தருகின்றன: படித்தார், பார்த்தார், தட்டச்சு செய்கிறார். அத்தனையும் சொன்ன பிறகும், பார்த்தும் ஏன் பதில் போடவில்லை என்பதற்கு விளக்கவுரை மனிதர்தான் எழுத வேண்டியிருக்கிறது.

3. மரபு முற்றும் அழியவில்லை. வீட்டுக்குள் கைபேசியைத் தொலைத்துவிட்டு, "ஒரு ரிங் விடேன்" என்போர் அதைக் காத்து வருகின்றனர். சைலண்டில் போட்டுவிட்டுத் தொலைப்போர் தனி ஆய்வுக்குரியவர்.