சூப்பும் சவப்பெட்டியும்

எஞ்சினியரிங் படிக்கும்போது விருப்பப் பாடமாகத் ‘திரைப்பட ரசனை’யை எடுத்தேன். சினிமா மேல் காதல் என்று வீட்டில் சொன்னது பொய். மற்ற விருப்பப் பாடங்களில் எல்லாம் கணக்கு இருந்தது. இதில் ஏசி இருந்தது.

முதல் வகுப்பிலேயே சார் ஒரு துண்டுப் படம் போட்டார். ஓர் ஆளின் முகம், அடுத்து ஒரு கிண்ணம் சூப். மறுபடி முகம், ஒரு சவப்பெட்டி. மறுபடி முகம், சோபாவில் சாய்ந்திருக்கும் பெண். “என்ன கவனிச்சீங்க?”

நான்தான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். “பசி, துக்கம், ஆசை மூணையும் கண்ணுலயே காட்டிட்டார் சார். சிவாஜிக்கு அப்புறம் இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை.”

மூன்று இடத்திலும் ஒட்டியிருந்தது ஒரே ஷாட். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் லெவ் குலஷோவ் இந்தச் சோதனையைச் செய்தபோதும், பார்த்தவர்கள் நடிகரைத்தான் புகழ்ந்தார்களாம். நூறு வருஷம் கழித்தும் அதே ஏமாளி கிடைத்ததில் சாருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953), பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி வைத்து எடுத்த படம். நான் பாயில் படுத்திருப்பவரின் மட்டத்துக்கே இறங்கிவிட்டேன். விழித்தபோது படத்தில் வரும் கிழவி இறந்திருந்தாள். “எப்படா?” என்றேன் பக்கத்து சீட்டிடம். “நீ குறட்டை விட்டப்போ.” (இதற்கிடையில் காட்சியமைப்பைக் குறிக்கும் ‘மீஸ் ஆன் சேன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு என்னோடு படத்துக்கு வர ஹாஸ்டலில் ஒருத்தனும் சம்மதிக்கவில்லை.)

‘பதேர் பாஞ்சாலி’க்கு (1955) மட்டும் தூங்கவில்லை. சத்தியமாக. ஊர் திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா செத்துப்போனது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறான். மனைவி சர்வஜயா அதை வாங்கி வாயோடு அழுத்திக்கொண்டு உடைகிறாள். இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே ஒரே மூச்சில் அசைன்மென்ட் எழுதினேன்: ‘அந்தத் தாயின் அலறல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.’

தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. ‘எந்தப் படம் பார்த்தாய்?’

சார் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டார். சர்வஜயா வாய் திறந்து கதறுகிறாள், குரல் இல்லை. அந்த இடத்தில் சத்யஜித் ராய் அவள் அழுகையை எடுத்துவிட்டு, ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாயை உச்சத்தில் வீறிட விட்டிருக்கிறார். வில் போட்டு வாசிக்கும் ஒரு நரம்புக் கருவியைத்தான் நான் தாயின் தொண்டை என்று எழுதி, மூன்று பக்கம் உருகியிருக்கிறேன். வகுப்பில் தூங்கினவன்கூட இணையத்தில் பார்த்துச் சரியாக எழுதியிருந்தான்.

விடவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கே போய் வாதாடினேன். “சார், இல்லாத அழுகை எனக்குக் கேட்டிருக்குன்னா, அது டைரக்டரோட வெற்றிதானே?”

“நிச்சயமா” என்றார் சார். “அதனாலதான் மார்க்கை அவருக்குப் போட்டுட்டேன்.”